கடதாசி மடிக்கப் போன கதை: பண்டாரவளை நாட்குறிப்பு

முதல் நாள், வியாழன். பதுளை.

"கடதாசி விளையாடவா மகள் பண்டாரவளை மட்டும் போறாய்?" என்று பெரியப்பா கேட்டார். அவரில் பிழையில்லை. எங்கள் வீட்டில் கடதாசி என்றால் 304 என்ற சீட்டாட்டம்தான். மாமாமார் நாலு பேர் கூடினால் விடியும்வரை துரும்பும் கையுமாக இருப்பார்கள். நான் போவது மடிக்கிற, வெட்டுகிற, சுருட்டுகிற கடதாசிக்கு என்று விளக்கினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்குச் சாப்பாடு குடுப்பாங்களா?" என்றார்.

மத்தியானம் மட்டும் கொடுப்பார்களாம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் கடதாசிக் கைவேலைக்காரர்கள் பண்டாரவளையில் ஒரு மண்டபத்தில் கூடுகிறார்கள். சிங்களத்திலும் தமிழிலும் ஒரே தாளில் அச்சடித்த அறிவித்தலைத் தோழி ஒருத்தி அனுப்பியிருந்தாள். அனுப்பிய குற்றத்துக்காக அவளையும் கூப்பிட்டேன். குளிர் என்று சொல்லி நழுவிவிட்டாள்.

இந்த நோய் எனக்கு எப்படிப் பிடித்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருடம் அம்மாவுக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்து சத்திரசிகிச்சை நடந்தது. வாட்டில் பக்கத்தில் இருந்து சொட்டு மருந்து விடுவது என் வேலை. மருந்துப் பெட்டிக்குள் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் ஒரு தாள் இருக்குமே, அதை விரித்து வாசித்தேன். திரும்ப மடித்தால் மடியவில்லை. பெட்டியைவிடத் தடிப்பாக நின்றது. இருபது வருடம் கேத்திரகணிதம் படிப்பித்தவளுக்கு இது மானப் பிரச்சினை. எந்தக் கோடு மேலே எழும்புகிறது, எது உள்ளே விழுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே இருந்தேன். விடியப்புறம் மூன்று மணிக்குத் தாள் பெட்டிக்குள் போனது. "என்ன புள்ள, லொத்தர் விழுந்த மாதிரிச் சிரிக்கிறாய்?" என்றார் பக்கத்துக் கட்டில் அம்மா.

அதற்குப் பிறகு பஸ் டிக்கெட், கல்யாணக் கார்ட், பிள்ளைகளின் பழைய வினாத்தாள் எதுவும் தப்பவில்லை. 2022-ல் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள் அல்லவா, அந்த நாட்களிலிருந்து ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும் தாளை எறிய எனக்குக் கை வராது. அந்தக் கட்டுகள்தான் இப்போது கொக்காகவும் தவளையாகவும் மாறி அலுமாரியில் இருக்கின்றன.

மட்டக்களப்பிலிருந்து காலை பஸ். செங்கலடியில் திரும்பினால் பதுளை வீதி. கரடியனாறு, பெரிய புல்லுமலை, மகா ஓயா வரை யன்னலால் வெக்கை அடித்தது. பிபிலை தாண்டி லுணுகலைப் பக்கம் ஏறத் தொடங்கியதும் காற்று மாறியது. ஒரிகாமி என்ற தாள் மடிப்புக் கலையில் இரண்டே இரண்டு மடிப்புத்தான்: முதுகு மேலே வந்தால் மலை மடிப்பு, உள்ளே விழுந்தால் பள்ளத்தாக்கு மடிப்பு. பசறை வளைவுகளில் அதை வைத்து அழகாக ஒரு வசனம் எழுதலாம் என்று குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். வசனம் வரவில்லை. வேறொன்று வரப் பார்த்தது. பக்கத்தில் இருந்த அக்கா பேசாமல் ஒரு தேசிக்காயை என் மூக்குக்குக் கீழே நீட்டினார். பதுளையில் இறங்கும்வரை அதை முகர்ந்துகொண்டே வந்தேன்.

இரண்டாம் நாள், வெள்ளி. பண்டாரவளை.

பதுளையிலிருந்து பண்டாரவளைக்கு பஸ்ஸில் போயிருந்தால் சீக்கிரம் சேர்ந்திருப்பேன். ஆனால் தெமோதரையைப் பார்க்காமல் போக மனமில்லை.

ரயில் மலை ஏறவேண்டும்; ஆனால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் தெமோதரை ஸ்டேஷனுக்குக் கீழே இருக்கும் சுரங்கத்துக்குள் நுழைந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, மேலே ஏறி அதே ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறது. தன் தலைக்கு மேல் தானே ஏறி நிற்பது போல. இதற்கு இங்கே ஒரு கதை சொல்வார்கள். பாதை போட வழி தெரியாமல் பொறியியலாளர் விழித்துக்கொண்டிருந்தாராம். அப்போது தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பச் சுற்றிக் கட்டினாராம். அதைப் பார்த்ததும் அவருக்கு யோசனை பிறந்ததாம். கதை உண்மையோ இல்லையோ, நான் நம்ப முடிவு செய்துவிட்டேன். எதிர் ஆசனத்தில் இருந்த பள்ளிக்கூடப் பையனுக்கு டிக்கெட்டை நீளமாகக் கிழித்து, பென்சிலில் சுருட்டி, நடுவை மேலே தள்ளிக் காட்டினேன். கூம்பாக எழும்பியது. "நாங்க இப்ப எங்க இருக்கோம் டீச்சர்?" என்று கேட்டான். நான் டீச்சர் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சுருளில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினேன். ரயில் அப்போதுதான் சுரங்கத்துக்குள் நுழைந்தது. டிக்கெட்டைக் கிழித்ததற்குப் பண்டாரவளையில் வாயிலில் நின்றவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி.

எல்லவுக்கு முந்திய ஒன்பது வளைவுப் பாலத்தில் இரண்டு பக்கமும் சனம். கல்லும் செங்கல்லும் சீமெந்தும் மட்டும் வைத்து, இரும்பு இல்லாமல் 1921-ல் கட்டி முடித்த பாலம். நாங்கள் அதைப் பார்த்ததைவிட, அதில் நின்றவர்கள் எங்களைப் படம் பிடித்ததுதான் அதிகம்.

பண்டாரவளையில் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. தங்குமிடத்து அக்கா பிளேன்டீயும் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் தந்தார். சம்பல் கண்ணில் தண்ணீர் வரவைத்தது. இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினேன்.

அப்புறம்தான் சோதனை தொடங்கியது. ஊரிலிருந்து கொண்டுவந்த வர்ணத் தாள்களை எடுத்தேன். மட்டக்களப்பில் மொறுமொறு என்று இருந்தவை இங்கே ஊறிய அப்பளம் மாதிரித் தொய்ந்துவிட்டன. மடித்தால் கோடு நிற்கவில்லை. நகத்தால் அழுத்தினால் மேல் நிறம் உரிந்து வந்தது. தாளுக்குள் இருப்பது மர நார். ஈரம் பட்டால் நார் நீளத்தில் அவ்வளவாக வளராது, அகலத்தில்தான் பருக்கும். இயந்திரத்தில் செய்த தாளில் நாரெல்லாம் பெரும்பாலும் ஒரே பக்கமாகப் படுத்திருப்பதால் தாளும் ஒரு பக்கமாக மட்டும் ஊதி நெளியும். இதெல்லாம் வாசித்துத் தெரிந்ததுதான். ஆனால் சதுரமாக வெட்டிய தாள் கண் முன்னாலேயே சதுரம் இல்லாமல் போவதை இன்றைக்குத்தான் பார்த்தேன். தாள்களைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுக்கப் போகிறேன். அக்கா பார்த்தால் என்ன நினைப்பாரோ.

மூன்றாம் நாள், சனி. பண்டாரவளை.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் பசை வாசனை. அறுபது எழுபது பேர் இருப்பார்கள். முக்கால்வாசி பெண்கள். முன்பள்ளி ஆசிரியைகள், கார்ட் செய்து விற்பவர்கள், பேராதனையிலிருந்து வந்த ஒரு மாணவர் கூட்டம், கொழும்பிலிருந்து கார் நிறையச் சாமானோடு வந்த இரண்டு அம்மாமார். யாரோ தொடக்க உரை ஆற்றினார். நீளம்.

காலை முழுக்க நான் ஒரிகாமி மேசையிலேயே இருந்துவிட்டேன். சொல்லித் தந்தது ஒரு இளைஞர், கட்டடம் வரைகிறவர். வந்ததும் அவர் பேசத் தொடங்கியது அகிரா யோஷிசாவாவைப் பற்றி. 1911-ல் பிறந்த அந்த ஜப்பான்காரர் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குக் கேத்திரகணிதம் படிப்பிக்கத் தாள் மடிப்பைத்தான் பயன்படுத்தினாராம். இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இன்று உலகம் முழுக்க மடிப்புப் புத்தகங்களில் வரும் புள்ளிக்கோடும் அம்புக்குறியும் அவர் வகுத்த முறைதான். மொழி தெரியாவிட்டாலும் பார்த்து மடிக்கலாம். அடுத்து கோர்யோ மியூரா. விண்வெளி ஆராய்ச்சிக்காரர். அவருடைய மடிப்பில், இரண்டு எதிர் மூலைகளைப் பிடித்து இழுத்தால் முழுத் தாளும் ஒரே இழுப்பில் விரியும், தள்ளினால் ஒரே தள்ளில் சுருங்கும். 1995-ல் ஜப்பான் ஏவிய விண்கலம் ஒன்றின் சூரியத் தகடு இப்படித்தான் விரிந்தது. அதைச் செய்து காட்டியபோது என் மருந்துத் தாளை நினைத்துக்கொண்டேன். அதையும் இப்படி மடித்திருந்தால் நான் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இங்கே வந்தும் இருக்க மாட்டேன்.

பிறகு சொனோபே. ஒரு சதுரத் தாளை மடித்தால் இரண்டு காதும் இரண்டு பையும் உள்ள சின்னத் துண்டு வரும். ஒன்றின் காது இன்னொன்றின் பைக்குள். பசை கிடையாது. 6 துண்டு சேர்த்தால் கனசதுரம், 12 சேர்த்தால் எட்டு முனை நட்சத்திரம், 30 சேர்த்தால் முள் முள்ளாய் ஒரு பந்து. எல்லோரும் 6-ல் தொடங்கினார்கள். எனக்குத் திமிர், 30 எடுத்தேன். இருபத்தேழு வரை வந்தது. இருபத்தெட்டாவது செருகும்போது மறுபக்கம் வாய் பிளந்தது. அதைப் பிடித்தால் இது. தொய்ந்த தாளுக்குப் பிடிமானம் இல்லை. இளைஞர் என் தாளை வாங்கி இரண்டு பக்கமும் வளைத்துப் பார்த்தார். "டீச்சர், பாதி நீளவாட்டில் வெட்டியிருக்கிறீங்க, பாதி குறுக்குவாட்டில். ஒன்று ஊதினா ஒன்று ஊதாது" என்றார். இருபது வருடப் படிப்பித்தலில் சதுரத்துக்கு நான்கு பக்கமும் சமம் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்!

நீளவாடு எது என்று கண்டுபிடிக்க அவர் காட்டிய வழி இது: தாளின் ஒரு மூலையைக் கிழித்து நாக்கில் ஒற்றி உள்ளங்கையில் வையுங்கள். உடனே குழாயாகச் சுருளும். குழாய் எந்தப் பக்கம் நீண்டு கிடக்கிறதோ, நார் அந்தப் பக்கம். மேசையில் இருந்த எல்லோரும் நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் பார்த்துத்தான் படப்பிடிப்பாளர் வந்தார்.

மத்தியானம் சோறு, பருப்பு, கருவாடு. பெரியப்பாவுக்கு அறிவித்தேன்.

பிற்பகல் குயிலிங். மெல்லிய தாள் நாடாவை ஊசியில் சுற்றிச் சுருளாக்கி, கிள்ளி, இதழாக்கி, ஒட்டுவது. சும்மா சொல்லக் கூடாது, கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் எனக்குப் பொறுமை இல்லை. ஊசி மட்டும் ஒன்று வாங்கினேன். விற்பனை மேசைகளில் அச்சு வைத்து வெட்டும் இயந்திரங்கள் இருந்தன. பிடியைச் சுற்றினால் பட்டாம்பூச்சி வெட்டுப்பட்டு விழும். விலையைக் கேட்டேன், என் ஒரு மாதச் சம்பளம். பட்டாம்பூச்சி பறந்தே போகட்டும்.

மறக்காமல் எழுத வேண்டியது ஒன்று: அப்புத்தளைப் பக்கம் தேயிலை ஸ்டோரில் வேலை செய்யும் ஒரு தம்பியின் மேசை. முன்பெல்லாம் தேயிலை பலகைப் பெட்டியில் போனது, இப்போது பல அடுக்குத் தாள் பையில் போகிறது. கிழிந்து கழித்துவிட்ட பைகளின் அடுக்குகளைப் பிரித்து, மண்ணிறத் தாளில் குறிப்புப் புத்தகம் தைக்கிறார். முகர்ந்தால் லேசாகத் தேயிலை மணம். அட்டையில் "கிராஃப்ட் பேப்பர்" என்று எழுதியிருந்தது. கைவினைக்கு உகந்த தாள் என்பதால் அந்தப் பெயர் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லையாம். அது ஜெர்மன் சொல். வலிமை என்று அர்த்தம். தமிழில் எழுதும்போது craft, kraft இரண்டும் ஒரே மாதிரி வந்து என்னை ஏமாற்றிவிட்டது. "இழுத்துப் பாருங்க டீச்சர், கிழியாது" என்று ஒரு துண்டைத் தந்தார். இழுத்தேன். கிழியவில்லை. இரண்டு புத்தகம் வாங்கினேன்.

நான்காம் நாள், ஞாயிறு. பண்டாரவளை.

காலையில் வெசாக் கூடு, வெசாக் பண்டிகைக்குக் கட்டும் வெளிச்சக்கூடு. அலி-எலையிலிருந்து வந்த ஒரு சிங்கள ஐயா. எனக்குச் சிங்களம் கடைக்குப் போக மட்டும் போதும்; அவருக்குத் தமிழ் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் மூங்கில் ஈர்க்கைச் சதுரமாகக் கட்டி "ஹதரஸ்" என்றார், நான் "சதுரம்" என்றேன், பாடம் தொடங்கிவிட்டது. ஆறு சதுரம் கட்டினார். மூலைக்கு மூலை முடிந்தார். முடிந்து தூக்கிப் பிடித்ததும் சதுரங்களுக்கு இடையில் தானாகவே எட்டு முக்கோணம் பிறந்தது. யாரும் முக்கோணம் கட்டவில்லை! ஆறும் எட்டும் பதினாலு முகம், பன்னிரண்டு மூலை, இருபத்துநாலு விளிம்பு. கரும்பலகையில் இதை வரைந்து காட்ட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஐயா இதைப் பத்து வயதில் அப்பாவிடம் பழகினாராம். மேலே ஒட்டும் மெல்லிய தாளுக்கு அவர்கள் சொல்லும் பெயர் சவ் கொல. ஒட்டியதும் தண்ணீர் தெளித்தார். பதறிவிட்டேன். காய்ந்ததும் தாள் மத்தளத் தோல் மாதிரி இறுகும் என்று கையால் தட்டிக் காட்டினார். இரண்டு நாளாக ஈரத்தை நான் திட்டிக்கொண்டிருக்கிறேன், மனுஷன் ஈரத்தை வேலைக்கு வைத்திருக்கிறார்.

அடுத்த மேசையில் ஒரு பெரியம்மா தனியாக உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குச் சப்பரம் கட்டுகிறவர். கொழுந்தெடுத்துப் பென்ஷன் ஆகிவிட்டதாம். அவரைச் சுற்றிக் கூட்டம் இல்லை. அவரும் கூட்டத்தைத் தேடவில்லை. சந்தைக்கு வந்தவர் மாதிரி, எப்போது முடியும், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கலர் தாளை நாலாக மடித்தார், திரும்ப நீளவாட்டில் மடித்தார். கத்தரிக்கோலை எடுத்து இந்தப் பக்கத்திலிருந்து ஒரு வெட்டு, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வெட்டு. அளவுகோல் இல்லை, பென்சில் கோடு இல்லை. நாக்கால் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டே பேச்சும் நடக்கிறது. கடைசியில் இரண்டு முனையையும் பிடித்து உதறினார். ஒரு முழத் தாள் வலையாகி என் இடுப்பு வரை தொங்கியது.

நான் வெட்டிய முதல் தாள் இரண்டாகப் போனது. இரண்டாவது மூன்றாகப் போனது.

"என்னா டீச்சர், பேப்பர புடிச்சிக்கிட்டு கெஞ்சுறீங்க? வெட்டுங்க. ஆனா முழுசா வெட்டிப்புடாதீங்க, ஒரு வெரக்கட வுடணும்."

விரற்கடை. யாருடைய விரல்? என்னுடையதா அவருடையதா? கேட்டேன். "ஒங்க கையில இருக்கிறதுதான்" என்றார். நாலாவது தாள் விரிந்தது. கோணல்தான், ஆனால் விரிந்தது. அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தன்னுடைய தோரணங்களோடு சேர்த்துக் கயிற்றில் கட்டினார். நான் அதை மூன்று தரம் படம் எடுத்தேன்.

பசை பற்றிக் கேட்டேன். கோதுமை மாவைக் காய்ச்சி, இறக்கும்போது துளி துத்தம், அதுதான் மயில்துத்தம், போடுவாராம். போடாவிட்டால் கரப்பானும் பூச்சியும் சப்பரத்தைத் தின்றுவிடும். "சாமி ஊர்வலம் போறதுக்கு முன்னாடி கரப்பான் பூசை முடிச்சிரும்" என்று சிரித்தார். சப்பரத்துக்கு ஒட்டும் ரோஜாக்களைப் பார்த்தேன்: சுருக்கத் தாளைக் கட்டைவிரலால் இழுத்து இதழின் விளிம்பை மட்டும் வளைத்துவிடுகிறார். ஒரு பூவுக்கு அரை நிமிடம். ஒரு சப்பரத்துக்கு எத்தனை பூ என்றால், எண்ணுவதில்லையாம். "கேப்பு தெரியாத வரைக்கும்."

திருவிழா முடிந்தால் அதையெல்லாம் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மழையில் கரைந்துவிடும் என்றார். அடுத்த வருடம் புதுசு.

அவருடைய கண் என் பையிலிருந்த குயிலிங் ஊசி மேல் இருந்தது. என்ன என்று கேட்டார். ஒரு நாடாவைச் சுற்றிக் காட்டினேன். வாங்கினார், சுற்றினார், மூன்றாவது தடவை என்னைவிட நன்றாக வந்தது. பேத்திக்கு இது பிடிக்கும் என்றார். வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். சும்மா வாங்க மாட்டேன் என்று ஒரே பிடி. முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்து, பழைய பத்திரிகைத் துண்டில் நீலமாகக் கொஞ்சம் துத்தம் கொட்டி, மடித்து, முனையைச் செருகித் தந்தார். கயிறில்லை, பசையில்லை. பொட்டலம் கட்டி முடிக்க மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. "மாவுல போடுங்க. வாயில வைக்காதீங்க, வெசம்."

நாக்கு நீட்டும் பழக்கத்தை யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

ஐந்தாம் நாள், திங்கள். வீடு.

இறங்கும்போது தேசிக்காய் தேவைப்படவில்லை. பிபிலையில் சுவெட்டரைக் கழற்றினேன். மகா ஓயாவில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது பைக்குள் டிக் டிக் என்று ஏதோ சத்தம். தாள்கள் காய்ந்து நிமிர்கின்றன. சொனோபேப் பந்தை எடுத்துப் பார்த்தேன். தொய்ந்து கிடந்த மடிப்புகள் இறுகியிருந்தன. மிச்சம் மூன்று துண்டையும், ஒரே வாடாக வெட்டி மடித்து, கரடியனாற்றுக்கு முன்னால் செருகி முடித்தேன். பந்து நின்றது. கண்டக்டர் தம்பி ஒரு தரம் மேலே எறிந்து பிடித்துவிட்டுத் தந்தார். எனக்கு உயிர் போய் வந்தது.

"வெண்டியா தோத்தியா?" என்று பெரியப்பா படலையிலேயே கேட்டார்.

பந்து இப்போது அம்மாவின் மேசையில் சொட்டு மருந்துக்குப் பக்கத்தில். தேயிலைத் தாள் புத்தகம் ஒன்று தோழிக்கு. குளிருக்குப் பயந்தவளுக்கு மணமாவது கிடைக்கட்டும். துத்தப் பொட்டலம் அலுமாரியின் மேல் தட்டில், சின்னப் பிள்ளைகளின் கை எட்டாத உயரத்தில் இருக்கிறது. நாளைக்கு மா காய்ச்சலாம். ஆனால் பொட்டலத்தை விரிக்க இன்னும் துணிவு வரவில்லை. கதிரையில் ஏறி நின்று வெளியிலிருந்தே மடிப்பை எண்ணிப் பார்த்தேன். ஐந்து தெரிகிறது. ஆறாவது எங்கேயோ உள்ளே இருக்கிறது.